கேபிளா, டிஷ்ஷா? சென்னை வீட்டில் இரண்டுக்கும் ஆகும் செலவு

எங்கள் குடும்பத்தில் இரண்டு தொலைக்காட்சி இணைப்புகள் ஓடுகின்றன. மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் டிஷ் இருக்கிறது. பெரம்பூரில் மாமியார் வீட்டில் கேபிள். இரண்டுக்கும் பணம் கட்டுவது நான்தான் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மாதந்தோறும் கிடைக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சலுகைகளைப் பற்றிப் பேசாமல், இரண்டு முறைகளுக்கும் இடையே பணம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்ப்பதே நோக்கம் என்பதால், எங்கள் வீடுகளில் இருப்பவை எந்த நிறுவனங்கள் என்று குறிப்பிடவில்லை.

‘கேபிள் மலிவு, டிஷ் விலை கூடுதல்’ என்பது சென்னையில் பொதுவாக நிலவும் கருத்து. அதில் பாதிதான் உண்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதன் உரிமையாளர் ஓர் அதிகபட்ச விலையை அறிவித்தாக வேண்டும். அந்த விலைக்கு மேல் கேபிள்காரரும் விற்க முடியாது, டி.டி.எச். எனப்படும் டிஷ் சேவை நிறுவனமும் விற்க முடியாது. அந்த முறை தொடங்கிய காலத்து விலைகளையே எடுத்துக்கொள்வோம். சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19, விஜய் டிவி 17, ஜீ தமிழ் 10. நான்கும் சேர்ந்து 65 ரூபாய். இதன்மேல் இணைப்புக் கட்டணம் 130 ரூபாய். மொத்தம் 195, அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 230 ரூபாய் 10 காசு. சேனல் வந்து சேர்வது கம்பி வழியாகவா வானத்திலிருந்தா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கில் ஒரு பைசாகூட மாறவில்லை. பின்னால் சேனல்களின் விலைகள் ஏறின என்றாலும், விலை அறிவிக்கும் முறை அதேதான்.

ஆகவே, ‘அவர்கள் 250 சேனல் தருகிறார்கள், இவர்கள் 300 தருகிறார்கள்’ என்று எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை. அவற்றில் பெரும்பகுதி இலவசச் சேனல்கள். நாம் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத பிறமொழிச் சேனல்களும் அவற்றில் ஏராளம். விலை வேறுபாடு வருவதெல்லாம் இணைப்புக் கட்டணம், தள்ளுபடி, செட்-டாப் பெட்டி, பழுது, ஊரில் இல்லாத நாட்கள் ஆகிய இடங்களில்தான்.

இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் விலக்கிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இங்கே கேபிளுக்கு ஓர் இயல்பான சாதகம் உண்டு. டி.டி.எச். நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 8 விழுக்காட்டை உரிமக் கட்டணமாக மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டும். கேபிள் நிறுவனங்களுக்கு அந்தச் சுமை கிடையாது. இதை முதலில் 3 விழுக்காடாகக் குறைத்து, பின்னர் அறவே நீக்கிவிடலாம் என்று 2023 ஆகஸ்டில் டிராய் பரிந்துரைத்ததே, வேறுபாடு நியாயமற்றது என்பதை ஒப்புக்கொண்டதற்குச் சமம். செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுக்கும் செலவும் டி.டி.எச். நிறுவனங்களுக்கு உண்டு. கேபிளில் அந்தப் பணம் தெருவில் கம்பி இழுக்கும் உள்ளூர் ஆபரேட்டருக்குப் பங்காகப் போகிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு மீண்டும் தொடங்கப்பட்டபோது, கேபிள் என்றால் இவ்வளவுதான் கொடுப்போம் என்ற ஓர் அளவு மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. தனியார் நிறுவனங்களும் அந்த அளவை அடியோடு மீறிப் போக முடியவில்லை. பெரம்பூரில் இன்றைக்கு மாமியார் கொடுப்பது 250 ரூபாய். மடிப்பாக்கத்தில் ஏறக்குறைய அதே தமிழ்ச் சேனல்களுக்கு எனக்கு 300 ரூபாயை ஒட்டி ஆகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 50 ரூபாய் கேபிளுக்குச் சாதகம்.

ஆனால் அந்த 250 ரூபாயை உடைத்துப் பார்க்க வேண்டும். மாமியார் பார்ப்பது மூன்று தொடர் சேனல்கள், ஒரு செய்திச் சேனல், காலையில் பக்திப் பாடல். அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தொகுப்பிலோ ஆங்கிலப் படங்கள், தெலுங்கு, இந்தி, கார்ட்டூன் எல்லாம் இருக்கின்றன. வேண்டாதவற்றை எடுத்துவிடச் சொல்லி அவர் ஒருமுறை கேட்டபோது, வசூலுக்கு வந்தவர் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது: “எடுத்தாலும் இருபது ரூபாதான்மா குறையும். அப்புறம் பேரப்பசங்க வந்தா கார்ட்டூன் இல்லன்னு எனக்குத்தான் போன் பண்ணுவீங்க.” அவர் சொன்னதில் தவறில்லை. சேனல் நிறுவனங்கள் தங்கள் சேனல்களைத் தொகுப்பாக வாங்கினால் 45 விழுக்காடு வரை தள்ளுபடி தரலாம் என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. இதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு முதன்மைச் சேனல்களைத் தனித்தனியாக வாங்குவதும், அவற்றோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துத் தொகுப்பாக வாங்குவதும் ஏறத்தாழ ஒரே விலையில் வந்து நிற்கின்றன. அப்படியிருந்தும், சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி நம்முடையது. கேபிளில் அந்த உரிமையைப் பயன்படுத்த ஆபரேட்டரின் தயவு வேண்டும் என்பதுதான் குறை.

டிஷ்ஷில் அதைக் கைபேசிச் செயலியில் நாமே செய்துகொள்ளலாம். என் சேமிப்பில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது. ஐ.பி.எல். நடக்கும் காலத்தில் மட்டும் தமிழ் வர்ணனை வரும் விளையாட்டுச் சேனலைச் சேர்த்துக்கொள்வது, இறுதி ஆட்டம் முடிந்ததும் நீக்கிவிடுவது. பள்ளி விடுமுறையில் குழந்தைகள் சேனல், பள்ளி திறந்ததும் அது கிடையாது. வீட்டில் எதிர்ப்பு வரும், சமாளிக்க வேண்டியதுதான். சேர்த்த சேனலைக் குறிப்பிட்ட நாட்கள் வரை நீக்க முடியாதபடி நிபந்தனை இருக்கிறதா என்பதை மட்டும் சேர்க்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

ஊரில் இல்லாத நாட்களின் கணக்கும் இப்படிப்பட்டதே. டிஷ்ஷில் கட்டிய பணம் தீர்ந்தால் படம் நிற்கும். மறுபடி கட்டும்வரை யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். மே மாதம் முழுக்கத் திருநெல்வேலியில் கழித்தால் அந்த மாதச் செலவு பூஜ்யம். கேபிளும் ஏட்டளவில் முன்பணம் செலுத்தும் சேவைதான். ஆனால் நடைமுறையில், ஆபரேட்டர் தம் கையிலிருந்து நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு நம்மிடம் பின்னால் வசூலிப்பதால், ‘போன மாதம் நாங்கள் ஊரிலேயே இல்லை’ என்ற பேச்சு எடுபடாது. இதற்கு மாறாக, டிஷ்ஷில் சிறிய ஒரு நழுவலும் உண்டு. அவர்களுடைய மாதம் பெரும்பாலும் 30 நாள். 12 முறை பணம் கட்டினால் 360 நாள்தான் ஆகும். மீதி 5 நாளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கேபிள்காரரின் மாதம் ஆங்கில நாட்காட்டி மாதம். பிப்ரவரியானாலும் மார்ச்சானாலும் ஒரே 250 ரூபாய்.

தொடக்கச் செலவில் கேபிளே மலிவு. டிஷ், பெட்டி, பொருத்தும் கூலி என்று டி.டி.எச். இணைப்புக்குச் சுமார் 2,000 ரூபாய் வரை ஆகிவிடும். ஐந்து ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 33 ரூபாய் வீதம் இதையும் கட்டணத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். விளம்பரத்தில் இது வராது. பொருத்தும் கூலி 350 ரூபாயைத் தாண்டக்கூடாது, இயக்கிவைக்கும் கட்டணம் 100 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று இருந்த வரம்புகளும் 2024 மாற்றத்தோடு போய்விட்டன. எனவே முன்கூட்டியே பேசி முடிப்பது அவசியம். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்துக்குப் பயன்படாது என்பதுதான் இந்தச் செலவில் உறுத்தும் பகுதி. எல்லாப் பெட்டிகளும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. இருந்தாலும் நிறுவனம் மாறுகிறவர்கள் புதுப் பெட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் பெட்டிக்காகச் செலவழிப்பது புதிதல்ல: 2003 செப்டம்பரில் மற்ற பெருநகரங்கள் எல்லாம் தயங்கி நிற்க, கட்டணச் சேனல் பார்க்கப் பெட்டி கட்டாயம் என்ற முறை இங்கேதான் முதலில் நடைமுறைக்கு வந்தது.

இனி மழை. டிஷ் வேண்டாம் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான், அது சரியான காரணமும்கூட. வீட்டு டிஷ்களுக்கு வரும் சமிக்ஞை 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கே.யூ. அலைவரிசையில் வருகிறது, அலை நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே இருப்பதால் கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடுகின்றன. படம் மங்குவதில்லை, முதலில் சதுரம் சதுரமாக உடைகிறது, பிறகு ஒரேயடியாகக் காணாமல் போகிறது. கேபிள் நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறையும் செயற்கைக்கோளிலிருந்துதான் சேனல்களைப் பெறுகிறது என்றாலும், அங்கே இருப்பவை 4 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் பெரிய சி-பேண்ட் டிஷ்கள். மழை அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால்தான் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் திரை கறுத்துக் கிடக்கும்போது மாமியார் தொலைபேசியில் தொடரின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்றாலும், திரையை முழுதாக அடைக்கும் அளவு மழை தொடர்ந்து பெய்வது எப்போதோதான். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் படம் திரும்பிவிடும்.

மழையோடு காற்றும் மின்வெட்டும் சேரும்போது நிலைமை தலைகீழாகிறது. கேபிள் கம்பி மின்கம்பத்திலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து மாடிக்கும் தாவித் தாவி வருவது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது அவற்றோடு கம்பிகளும் விழுந்தன. மின்சாரம் வந்த பிறகும் கேபிள் வராமல் காத்திருந்த தெருக்கள் பல. சாதாரண மின்வெட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கேபிள் சமிக்ஞையை வழியில் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் மின்சாரம் வேண்டும். அது இரண்டு தெரு தள்ளி எந்த இணைப்பில் மாட்டப்பட்டிருக்கிறதோ, அங்கே மின்சாரம் இல்லையென்றால் நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. டிஷ்ஷுக்கு நம் வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதும்.

பழுது என்று வந்தால் யார் வருகிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள் என்பதே எனக்கு மாதக் கட்டணத்தைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. பெரம்பூரில் படம் நின்றால் மாமியார், “தம்பி, டிவி வரலப்பா” என்று சொன்னால் போதும். மாலைக்குள் ஒரு பையன் இருசக்கர வண்டியில் வந்து, மாடிப்படியில் இருக்கும் இணைப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். காசு கேட்பதில்லை. எங்கள் வீட்டிலோ புகார் எண், குறுஞ்செய்தி, மறுநாள் நேரம் ஒதுக்கீடு என்று எல்லாம் முறைப்படி நடக்கும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் வந்து போவதற்கே தனிக் கட்டணம்.

சென்ற மழைக்காலத்தில் மழை இல்லாத நாளிலும் படம் உடைந்துகொண்டிருந்தது. வந்த தொழில்நுட்பப் பணியாளருடன் நானும் மொட்டைமாடிக்குப் போனேன். டிஷ்ஷைத் திருப்பி வைக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சமிக்ஞையை வாங்கும் கருவியான எல்.என்.பி.யின் அடியில் கம்பி சேரும் திருகை மட்டும் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பு ஊசி பச்சை பூத்திருந்தது. திருகின் வாயில் துரு. “கடல் காத்து சார். இங்கயே இப்படின்னா, பெசன்ட் நகர் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்” என்றார். கெட்டுப்போன இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்து, புதுத் திருகு போட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினார். பொருளின் விலை அற்பம். வந்ததற்கான கட்டணம்தான் ஒரு மாதக் கேபிள் பணத்தை எட்டிவிட்டது. திருகைச் சுற்றி முதலிலேயே டேப் போட்டிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது. புதிதாக டிஷ் பொருத்துகிறவர்கள், பொருத்துபவர் மாடியிலிருந்து இறங்கும் முன் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஷ்ஷை எங்கே வைப்பது என்பதிலும் சென்னைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கின்றன. நாமோ 13 பாகை வடக்கில்தான் இருக்கிறோம். அதனால் இந்திய டி.டி.எச். செயற்கைக்கோள்கள் இங்கிருந்து பார்த்தால் தெற்கு, தென்கிழக்குத் திசைகளில் வெகு உயரத்தில் தெரியும், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோளை நோக்க டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 68 பாகை மேல்நோக்கி இருக்க வேண்டும். பக்கத்து அடுக்குமாடி மறைக்கும் என்ற பயம் இங்கே அனேகமாகத் தேவையில்லை. ஆனால் தலைக்குமேல் கூரை இருக்கும் பால்கனி உதவாது. மொட்டைமாடியில்தான் வைக்க வேண்டும். மாடிச் சாவியை வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கம் அனுமதி தர வேண்டும், வாடகை வீடானால் உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். நான்காம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்குக் கம்பி இறக்கினால் கூடுதல் கம்பிக்குத் தனிக் காசு.

இரண்டாவது தொலைக்காட்சி உள்ள வீடுகளுக்குக் கணக்கு வேறு. 2020 விதிப்படி இரண்டாவது பெட்டியின் இணைப்புக் கட்டணம் முதலாவதில் 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. அதாவது 52 ரூபாய், வரியோடு 61 ரூபாய் 36 காசு. சேனல் விலை அதற்குத் தனி. டிஷ் நிறுவனங்கள் இந்தக் கணக்கை விலைப்பட்டியலில் தெளிவாகப் போடுகின்றன. கேபிளில் இது முழுக்கப் பேரம்தான். நெடுநாள் வாடிக்கையாளர் என்றால் பாதி விலைக்கும் கிடைக்கும், புதிதாகக் குடிவந்தவர் என்றால் முழுப் பணமும் கேட்பார்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை பெட்டியும் டிஷ்ஷும் வாங்கினால் போதும். டிடி தமிழும் செய்திகளும் போதும் என்கிறவர்களுக்குப் பொருந்தும். சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்களின் தொடர்களைப் பார்க்கிறவர்களுக்கு உதவாது. இணையத்தோடு சேர்த்துத் தரும் தொலைக்காட்சித் திட்டங்களைப் பொறுத்தவரை, பிராட்பேண்ட் எப்படியும் வாங்கப்போகிற வீட்டில் மட்டுமே அவை மலிவு.

கேபிளின் பெரிய குறை விலையில் இல்லை. தெருவுக்கு ஓர் ஆபரேட்டர் என்பதே சென்னையின் எழுதப்படாத விதி. அவர் எந்த நிறுவனத்தின் சமிக்ஞையை எடுக்கிறாரோ அதுதான் நமக்கும். 2023 பிப்ரவரியில் புதிய விலைக்கு ஒப்பந்தம் போட மறுத்த கேபிள் நிறுவனங்களுக்குச் சில பெரிய சேனல் குழுமங்கள் சமிக்ஞையை நிறுத்தியபோது, பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர்களுக்கும் சில நாட்கள் அந்தச் சேனல்கள் கிடைக்கவில்லை. டிஷ்ஷில் இப்படி ஏதாவது நேர்ந்தால், பெட்டிக்குப் போட்ட பணம் போனால் போகிறது என்று வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். அந்த வழி இருப்பதற்காகத்தான் மாதம் 50 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு பெரம்பூர் வீட்டில் கேபிளை எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஒரே ஒரு தொலைக்காட்சி, ஆண்டு முழுக்க வீட்டிலேயே இருக்கும் மூத்தவர், கூப்பிட்டால் ஓடிவரும் ஆபரேட்டர் என்று இருக்கும் வீட்டில், டிஷ்ஷுக்கு மாறினால் தொடக்கச் செலவை என்றைக்கும் ஈட்ட முடியாது. மடிப்பாக்கத்தில் டிஷ் தொடரும். சேனல்களைக் கூட்டிக் குறைத்ததிலும் விடுமுறை மாதங்களிலும் மிச்சமானதைக் கழித்தால், ஆண்டுக் கணக்கில் எனக்கு ஆவது கேபிளைவிட 200, 300 ரூபாய்தான் கூடுதல். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்ற சலுகையை மட்டும் நான் எடுப்பதில்லை. இணைப்பை நிறுத்திவைத்தாலும் அந்தத் திட்டத்தின் நாட்கள் நகர்ந்துகொண்டேயிருக்கும் என்று நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் திருநெல்வேலியில் கழிக்கும் மே மாதத்துக்கும் சேர்த்துக் கட்டியதாக ஆகிவிடும்.